ஹென்றி எக்ஃபர்டும் மணக்கும் மலரும்

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஓராண்டு படிக்க இங்கிலாந்து சென்றேன். தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய பார்வை ஆண்டுக்கு ஆண்டு மங்கிவந்தது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, உருவம் மட்டும் நிழலாகத் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் பின்னாலிருந்த சிறு தோட்டத்தை அவர் விடுவதாக இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஒருநாள் விதைக் கடையின் விலைப்பட்டியலை என் கையில் கொடுத்தார். ஸ்வீட் பீ விதை வாங்க வேண்டும், நல்லதாக நான்கைந்து வகையைப் பார்த்துச் சொல் என்றார். ஸ்வீட் பீ என்பது பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூங்கொடி. பெயரில் இனிப்பு இருந்தாலும் அதைச் சாப்பிடக் கூடாது. விதை நச்சுத்தன்மை உடையது. இனிப்பு என்று சொல்வது அதன் மணத்தைத்தான்.

நான் உயிரியல் படிப்பவள். ஆனால் அன்று செய்தது உயிரியல் மாணவி செய்யும் வேலை அன்று. படங்களைப் பார்த்தேன். பாவாடை விளிம்புபோல் அலை அலையாக மடிந்த பெரிய பூக்கள். இளஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை என்று வண்ணத்துக்கு ஒன்றாக நான்கைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அவருக்கு வருணிக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவற்றில் எது நன்றாக மணக்கும்?

என்னிடம் பதில் இல்லை. பார்க்க முடியாத ஒருவருக்குப் பார்க்க அழகான பூக்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். அங்கே தேடத் தொடங்கியபோதுதான் ஹென்றி எக்ஃபர்ட் என்ற பெயர் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. ஸ்வீட் பீ வளர்ப்போரிடையே இன்றும் புகழ்பெற்ற அந்தத் தோட்டக்காரர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எனக்கோ அதுவரை அவர் யாரென்றே தெரியாது.

சிசிலித் தீவிலிருந்து வந்த விதை

எக்ஃபர்டின் கதையைச் சொல்லுமுன் அந்தப் பூவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியின் சிசிலித் தீவில் பிரான்சிஸ்கோ குப்பானி என்ற துறவி இருந்தார். தாவரங்களை ஆராய்ந்து எழுதிவந்தவர். அங்கு காட்டுச்செடியாக வளர்ந்த ஸ்வீட் பீயைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1699இல் அதன் விதைகளை, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் வாழ்ந்த ராபர்ட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு அனுப்பினார்.

அந்தப் பூ சிறியது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். ஒரு காம்பில் இரண்டு மூன்று பூக்களுக்குமேல் இருக்காது. ஆனால் மணம் மிகப் பலமானது. பின்னாளில் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, மணமுள்ளது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே அதில் சேர்த்தார்.

விதை இங்கிலாந்துக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளாகியும் பூவில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த பெயின்டட் லேடி போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளே இருந்தன. இதற்குக் காரணம் பூவின் அமைப்பு. ஸ்வீட் பீ தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடி. அதன் மகரந்தப்பைகளும் சூலகமும் படகு வடிவ இதழுக்குள் மூடப்பட்டிருக்கும். மொட்டு விரியுமுன்பே உள்ளே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். அதனால் தாய்ச்செடியைப் போலவே பிள்ளைச்செடிகளும் இருக்கும். புதிய வகை வேண்டுமானால் மனிதக் கை நடுவே புகுந்தாக வேண்டும். அப்படிப் புகுந்த கைகளில் முதன்மையானது எக்ஃபர்டின் கை.

பிறர் தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகள்

ஹென்றி எக்ஃபர்ட் 1823ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகருக்கு அருகே பிறந்தார். பதின்ம வயதில் இன்வர்னஸ் பக்கத்தில் ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். இன்று நாம் பட்டயக்கல்வி படிக்கிற வயதில் அவருக்கு மண்வெட்டிதான் பாடப்புத்தகம். பிறகு ஸ்காட்லாந்திலேயே வேறு சில மாளிகைகளில் வேலை பார்த்துவிட்டு, 1847இல் லண்டனுக்கு வந்தார்.

1850களில் ராட்னர் பிரபுவின் கோல்ஸ்ஹில் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர் பதவி கிடைத்தது. அங்கே நெடுங்காலம் வேலை செய்தார். ஒரு மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் என்றால் சமையலறைக்குக் காய்கறி, உணவு மேசைக்குப் பழம், வரவேற்பறைக்குப் பூ என்று ஆண்டு முழுதும் பொறுப்பு. அந்த வேலைகளுக்கு நடுவே வெர்பினா, பெலர்கோனியம், டேலியா ஆகிய பூச்செடிகளில் புதிய வகைகளை உருவாக்கிப் பார்த்தார். அவற்றில் நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் உழைத்த நிலம் எதுவும் அவருக்குச் சொந்தமில்லை.

1870ஆம் ஆண்டு வாக்கில் சாங்கி என்ற மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மனநோயாளிகளைப் பராமரிக்கும் தனியார் இல்லம் ஒன்றைக் குளோஸ்டர்ஷியர் வட்டாரத்தில் நடத்திவந்தவர் அவர். அந்தத் தோட்டத்தில்தான் எக்ஃபர்ட் ஸ்வீட் பீயைக் கையிலெடுத்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பத்தேழு. சில ஆண்டுகளுக்குப் பிறகு சாங்கி ஷ்ரோப்ஷியர் வட்டாரத்துக்கு இடம் மாறியபோது, எக்ஃபர்டும் உடன் சென்றார்.

மொட்டுக்குள் ஒரு வேலை

அவர் செய்த வேலை என்ன? தாவர இனவிருத்தி பற்றி விரிவுரையில் கேட்டிருந்தாலும், அதைக் கையால் செய்வது எவ்வளவு கடினம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலில் தாயாக இருக்கவேண்டிய செடியில், இன்னும் விரியாத மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதழ்களைக் கிழிக்காமல் பிரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தத்தாள்களையும் மகரந்தம் உதிருமுன் எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை வீண். பிறகு தந்தையாக இருக்கவேண்டிய செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சூலகமுடியில் தடவ வேண்டும். அந்தப் பூ காயானால் சில விதைகள் கிடைக்கும். அடுத்த ஆண்டு அவற்றை விதைத்தால் வரும் செடிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் விதைகளை அதற்கடுத்த ஆண்டு விதைத்தால்தான் பல நிறங்களும் பல அளவுகளும் வெளிப்படும்.

அவற்றில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும். வைத்துக்கொண்டதும் மறு ஆண்டு அப்படியே வரும் என்று உறுதியில்லை. பண்பு நிலைக்கும்வரை ஆண்டுதோறும் விதைத்து, பார்த்து, பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். தவறு செய்தால் திருத்திக்கொள்ள அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டும்.

இங்கே நினைவில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. மெண்டல் தம் பட்டாணி ஆராய்ச்சியை 1866இலேயே வெளியிட்டிருந்தார். ஆனால் 1900 வரை அறிவியல் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று உயர்நிலைப்பள்ளியில் நாம் படிக்கும் பாடம் எதுவும் எக்ஃபர்டுக்கு வழிகாட்டவில்லை. அவரிடம் இருந்தது கண்ணும் கையும் பொறுமையும்தான்.

1882இல் பிரான்ஸ் பிரின்ஸ் என்ற அவருடைய ஸ்வீட் பீ வகைக்கு, பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் முதல்தரச் சான்றிதழ் அளித்தது. தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது.

அறுபத்தைந்து வயதில் சொந்த நிலம்

1888இல் எக்ஃபர்ட் ஷ்ரோப்ஷியரின் வெம் என்ற சிற்றூரில் குடியேறி, சொந்தமாக நாற்றுப்பண்ணை தொடங்கினார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவர் முதலாளியானார். மகன் ஜான் உதவிக்கு இருந்தார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து புதுப்புது வகைகள் வந்துகொண்டே இருந்தன. பழைய பூவைவிட இவை பெரியவை. ஒரு காம்பில் கூடுதலான பூக்கள். நிறமோ வெள்ளை, நீலம், கருஞ்சிவப்பு, இளம்ஊதா என்று விரிந்தது. இந்த வகைகளைச் சேர்த்துக் கிராண்டிஃபுளோரா என்று அழைத்தார்கள். பெரிய பூ என்று பொருள். பிளாக் நைட், லேடி கிரிசெல் ஹேமில்டன், டோரதி எக்ஃபர்ட் போன்றவை இன்றும் விதைக் கடைகளில் கிடைக்கின்றன. அன்று அமெரிக்க விதை வணிகர்களும் அவருடைய வகைகளை வாங்கி விற்றார்கள். ஏழைத் தொழிலாளியின் சன்னலோரம் முதல் செல்வரின் மாளிகைவரை அந்தப் பூ பரவியது.

நான் தேடிய விடையும் இங்கேதான் கிடைத்தது. எக்ஃபர்டின் வகைகள் நிறத்திலும் அளவிலும் மாறினவே தவிர, சிசிலிப் பூவின் மணத்தை இழக்கவில்லை.

1900இல், ஸ்வீட் பீ இங்கிலாந்துக்கு வந்த இருநூறாம் ஆண்டை லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்தில் கண்காட்சியாகக் கொண்டாடினார்கள். 264 வகைகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் 115 எக்ஃபர்ட் உருவாக்கியவை. எழுபத்தேழு வயது முதியவர் ஒருவரின் உழைப்பு மண்டபத்தின் பாதியை நெருங்கும் அளவுக்கு நிறைந்திருந்தது.

தம் பூவே தமக்குப் போட்டி

அடுத்த ஆண்டே ஒரு திருப்பம். எக்ஃபர்டின் வகைகளில் ஒன்று பிரைமா டோனா. இளஞ்சிவப்பு நிறம். ஆல்தார்ப் மாளிகையில் ஸ்பென்சர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சைலஸ் கோல், தம் தோட்டத்தில் வளர்ந்த பிரைமா டோனாவிலிருந்து விந்தையான ஒரு செடி வந்ததைக் கண்டார். பூ இன்னும் பெரிது. இதழ்கள் அலை அலையாக மடிந்திருந்தன. பிரபுவின் மனைவியைச் சிறப்பிக்கும் வகையில் அதற்குக் கவுன்டஸ் ஸ்பென்சர் என்று பெயரிட்டு, 1901இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள்.

அன்றிலிருந்து அலையிதழ்ப் பூக்களின் காலம் தொடங்கியது. அவற்றை இன்றும் ஸ்பென்சர் வகை என்றே சொல்கிறார்கள். விலைப்பட்டியலில் நான் மயங்கியதும் அவற்றிடம்தான். எக்ஃபர்டின் வகைகள் மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவர் வளர்த்த பூவின் வழித்தோன்றலே அவருடைய மற்றப் பூக்களை ஓரங்கட்டியது.

ஸ்பென்சர் வகைகளிலும் நன்றாக மணப்பவை உண்டு. ஆனால் போட்டிகளில் பூவின் அளவும் இதழின் அலையும் காம்பின் நீளமும் பரிசைத் தீர்மானித்தபோது, வளர்ப்பவர்களும் அவற்றுக்காகவே விதை எடுத்தார்கள். மணத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்காத இடத்தில், தலைமுறை தலைமுறையாகச் சில வகைகளில் மணம் குறைந்துகொண்டே வந்தது. மணம் வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இனவிருத்திப் பாடத்தில் நான் மறக்காமல் வைத்துக்கொள்ளப் போகும் செய்தி இது. நாம் தேடாத பண்பு நம்மை அறியாமலே நழுவிவிடும்.

1905இல் அரச தோட்டக்கலைச் சங்கம் எக்ஃபர்டுக்குத் தனது உயரிய விருதான விக்டோரியா பதக்கத்தை வழங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி வெம் ஊரில் அவர் காலமானார். வயது எண்பத்திரண்டு. அதே 1905இல்தான் கேம்பிரிட்ஜில் பேட்சன், சான்டர்ஸ், பன்னட் ஆகிய மூவரும் ஸ்வீட் பீயைக் கொண்டு ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்து எழுதினார்கள். பூவின் நிறமும் மகரந்தத்தூளின் வடிவமும் தனித்தனியாகச் செல்லாமல் சேர்ந்தே மரபுவழி செல்கின்றன என்பதே அது. மரபணுப் பிணைப்பு என்று நாம் படிக்கும் பாடத்தின் தொடக்கம். அந்தப் பன்னட்தான் தொடக்கக்கல்லூரியில் நாம் போடும் பன்னட் கட்டத்துக்குச் சொந்தக்காரர். எக்ஃபர்ட் கையால் செய்துவந்ததற்கு விளக்கம் கிடைக்கத் தொடங்கிய ஆண்டில் அவர் கண்ணை மூடினார்.

தோட்டத்துக்குத் திரும்பினேன்

இரண்டு நாள் கழித்துப் பாட்டியிடம் புதிய பட்டியலைக் கொடுத்தேன். ஆம், அதற்குள் மனத்துக்குள் அவரைப் பாட்டி என்று அழைக்கத் தொடங்கியிருந்தேன். இம்முறை படங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வகைக்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த விளக்கத்தைப் படித்தேன். மணம் உண்டு என்பதற்கும் பலமான மணம் உண்டு என்பதற்கும் வேறுபாடு இருப்பதைக் கவனித்தேன்.

முதலில் குறித்தது குப்பானி. துறவியின் பெயரைத் தாங்கிய, பழைய பூவை ஒத்த வகை. அடுத்தது மட்டுக்கானா. அதுவும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது, மணத்துக்குப் பேர்போனது. மூன்றாவது பெயின்டட் லேடி. நான்காவதாக எக்ஃபர்டின் லேடி கிரிசெல் ஹேமில்டன். ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் நான் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அலையிதழ் வகைகளில் ஒன்றையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு பொறியிலிருந்தும் தப்பினேன். ஸ்வீட் பீக்கு ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. பார்க்க அதேபோல் இருக்கும். ஒருமுறை நட்டால் பல ஆண்டு உயிர்வாழும். ஆண்டுதோறும் விதைக்கும் வேலை இல்லை என்று நினைத்து அதை வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்கு மணமே கிடையாது.

அக்டோபர் இறுதியில் சிறு தொட்டிகளில் விதைத்தோம். நான் பெயர் எழுதிய குச்சிகளைச் செருக, பாட்டி விரலால் மண்ணில் குழி போட்டார். செடிகள் மூன்று இணை இலை விட்டதும் நுனியைக் கிள்ளச் சொன்னார். கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் வருமாம். குளிர்காலம் முழுதும் அவை குளிரைத் தாங்கிக்கொண்டு மெல்ல வளர்ந்தன. வசந்தத்தில் மூங்கில் கழிகள் ஊன்றி, வகைக்கு ஒரு வரிசையாக நட்டோம். நம் சிங்கப்பூர் வெயிலில் இந்தச் செடி தாக்குப்பிடிக்காது. அதற்குக் குளிர்ச்சி வேண்டும்.

இடையில் பாட்டியின் பார்வை இன்னும் குறைந்தது. மே மாதத்தில் தோட்டப் படிகளில் இறங்கவே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பூக்கும்வரை அவரால் தோட்டத்துக்கு வர முடியுமா என்று எனக்குள் ஓர் அச்சம் இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வெதுவெதுப்பான மாலை. முதல் வாரத்தில் தொடங்கிய பூக்கள் அப்போது நன்றாக விரிந்திருந்தன. கடைசிப் படியில் இறங்கியதும் பாட்டி என் தோளிலிருந்து கையை எடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தடியைத் தட்டிக்கொண்டு, யாரும் வழிகாட்டாமல், நேராக மட்டுக்கானா வரிசைக்கு நடந்தார். அங்கிருந்து பெயின்டட் லேடி, பிறகு எக்ஃபர்டின் பூ. ஒவ்வொன்றின்முன்னும் குனிந்து, கையால் தடவிப் பார்த்து, பெயரைச் சரியாகச் சொன்னார். தோட்டத்திலேயே மிகப் பெரிய பூக்களோடு நின்ற ஐந்தாவது வரிசையை அவர் கடந்து போய்விட்டார். அங்கே ஒரு செடி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அது நான் தேர்ந்தெடுத்த வரிசை. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஸ்வீட் பீயைப் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். காய் பிடிக்க விட்டால் பூப்பது நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு கொத்து பறித்துச் சமையலறை மேசையில் வைத்தோம். பாட்டி காலையில் எழுந்து அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு வருவார். ஜூன் கடைசியில் நான் நாடு திரும்பும் நாள் வந்தபோது, மணமுள்ள நான்கு வரிசைகளிலும் ஆளுக்கொரு செடியைப் பறிக்காமல் விடும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவற்றின் காய்கள் முற்றிக் காய்ந்தால் அடுத்த அக்டோபருக்கு விதை. தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் செடி என்பதால் தாயைப் போலவே பிள்ளையும் வரும்.

வெம் ஊரில் இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் எக்ஃபர்டின் நினைவாக ஸ்வீட் பீ கண்காட்சி நடக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனால் தேக்காவில் மல்லிகைச் சரம் வாங்கும்போது அம்மா செய்வதை இப்போது நானும் செய்கிறேன். பூ எவ்வளவு வெள்ளை என்று பார்க்குமுன், கையிலெடுத்து முகர்ந்து பார்க்கிறேன்.